மாத்திரையின் உறை

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

நான்கு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் காளான் சமைத்தேன். வைட்டமின் டி குறைவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் உறை மாட்டெலும்பில் செய்வது என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் தொடமாட்டேன் என்றுவிட்டார். பிறந்ததிலிருந்து சைவம். காளானிலும் அந்தச் சத்து உண்டென்று நான்தான் சொன்னேன்.

போன வாரம் குளியலறைப் படி தடுக்கி விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு விரிசல். மாத்திரைக்குப் பதில் காளான்தான் என்று சொன்னதும் இன்று டாக்டர் கேட்டார்: "வெயில்ல வச்சாத்தான் காளான்ல அந்தச் சத்து ஊறும். வச்சியளாம்மா?" இல்லை. கடை ஃப்ரிட்ஜிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜுக்கு, அங்கிருந்து சட்டிக்கு. மண்டையைப் பிளக்கும் சங்கரன்கோவில் வெயில் மாடியில் சும்மா கிடந்தது. "வச்சாலும் இவ்வளவு குறைச்சலுக்குப் பத்தாது, வாரத்துக்கு ஒரு மாத்திரைதான்" என்றார். உறையைப் பற்றி நானும் வீட்டுக்காரரும் வாய் திறக்கவில்லை. கூச்சம்.

வீட்டுக்கு வந்து படுத்ததும், "கொண்டாட்டி அந்த மாத்திரைய" என்றார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மூன்று தடவை வாய் கொப்பளித்தார். நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் தைலம் வாங்கப் போன மருந்துக் கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி, "முதல்லயே சொல்லிருக்கலாம்லா? இதே மருந்து பால்ல கரைச்சுக் குடிக்கிற தூளாவும் இருக்கு. உறையே கிடையாது" என்றார்.

வாங்கி வந்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த செவ்வாய் இதைக் கரைத்துக் கொடுத்தால், பிறகு அதை ஏன் என்னை விழுங்க விட்டாய் என்பார். கொடுக்காவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றை விழுங்குவார்.