மாமனாருக்கு வராத கண்ணீர்

ஞாயிறு, இரவு.

இன்று கள்ளக்குறிச்சி தியேட்டரில் நானும் மனைவியும் மகளோடு கார்ட்டூன் படம் பார்த்தோம். கிழட்டுக் கரடி ஒன்று குட்டிக்குப் படகில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். முன்வரிசைப் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா செத்தப்ப ஒரு சொட்டு வரல. கரடிக்கு இன்னா இப்பிடி அழுவுறீங்க?"

பந்தல், ஐஸ் பெட்டி, காபி என்று அன்றைக்கு எல்லாம் என் தலையில். அழ எங்கே நேரம்? அதைச் சொல்லவில்லை.

"உங்கப்பாவும் தியாகதுருகத்துல பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு நமக்கு இடம் புடிச்சிட்டு, கீழயே நின்னுக்கினு இருப்பாரே" என்றேன்.

நடுத்தெருவில் அவளும் விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

மகள் எங்களை மாறிமாறிப் பார்த்தாள். "படந்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு அழுவுறீங்க?"