சிவப்பணுவின் அளவு

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

மழை. காலையிலிருந்து மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம் திரும்ப உருவாகக் காத்திருக்க வேண்டும். வேணு ஸ்டூல் போட்டு அதன் எதிரே உட்கார்ந்து, "இது குளிச்சி முழுகி வர்றதுக்குள்ள சாயந்திரம் ஆயிடும் மேடம்" என்றான். எட்டு வருடமாக என்னிடம் டெக்னீஷியன். எட்டு வருடமாக இதே நகைச்சுவை.

நகரி ஊர்ப் பெண்ணின் அறிக்கையை நேற்று அனுப்பிவிட்டேன். அக்ஷயா, பத்தொன்பது வயது, பவர்லூம் குடும்பம். சிறுநீரில் ரத்தமும் புரதமும் போகின்றன. ஆறு மாதமாக ஸ்டீராய்டு, பலனில்லை. சிறுநீரக மருத்துவர் ஸ்ரீஹரி ஊசியால் எடுத்த சிறுநீரகத் துணுக்கை எங்களுக்கு அனுப்பியிருந்தார். ரத்தத்தை வடிகட்டும் சவ்வு பிறவியிலேயே பழுதா என்பது அவர் கேள்வி. பழுதென்றால் ஸ்டீராய்டு வீண், நிறுத்த வேண்டும். பழுதில்லை என்றால் இன்னும் கடுமையான மருந்து. நாற்பது படம் எடுத்துப் பார்த்து, சவ்வு இயல்பாக இருக்கிறது என்று எழுதினேன். கடுமையான மருந்தை இன்று ஆரம்பிக்கிறார்.

அக்டோபர் 16

யாமினி பால்கோவாவோடு வந்தாள். கால்நடைப் பிரிவில் ஆராய்ச்சி மாணவி. ஃப்ளோரைடு கலந்த தண்ணீர் குடிக்கும் செம்மறிகளின் சிறுநீரகத்தை ஆராய்கிறாள். அவளுடைய ஆட்டுத் துணுக்கும் அக்ஷயாவின் துணுக்கும் எங்களிடம் ஒரே சமயத்தில் தயாரானவை.

"பாருங்க மேடம், சவ்வு கூடை பின்னின மாதிரி பிரிஞ்சிக்கினு கீது. ஃப்ளோரைடு வேலைதான் இது."

"மற்ற ஆடுகளுக்கு?"

"இதுக்கு மட்டும்தான் மேடம்."

ஒரே கொட்டகை, ஒரே தண்ணீர். ஓர் ஆட்டுக்கு மட்டும் ஏன்? அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டேன். பால்கோவா நன்றாக இருந்தது.

அக்டோபர் 17

கேட்டிருக்க வேண்டும்.

மனிதச் சிவப்பணு ஏழு மைக்ரான் அகலம். செம்மறிக்கு நாலரைதான். வெட்டு ஓரமாக விழுந்தால் அணு சிறிதாகத் தெரியும். நுண்குழாயில் நசுங்கினால் சற்று நீளும். அதனால் ஒன்றிரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அக்ஷயாவின் படங்களில் முப்பத்தொரு சிவப்பணுக்களை அளந்தேன். ஒன்றுகூட ஐந்தைத் தொடவில்லை. யாமினியின் ஆட்டுப் படத்தில் அணு ஏழு மைக்ரான் இருக்கிறது. ஆறே முக்கால், ஏழு, ஏழு.

அளவுகோல் தவறா? உருப்பெருக்கத்தைச் சரிபார்த்துத் திரும்ப அளந்தேன். அதேதான். அப்படியென்றால் நான் இயல்பு என்று எழுதியது யாரைப் பார்த்து?

வேணுவைக் கூப்பிட்டேன். திசு பதித்த பிசின் கட்டைகளுக்கு லேபிள் எழுதியது யார்?

"நான்தான் மேடம். குப்பி மூடி மேல இன்னா நம்பர் இருந்திச்சோ அதையேதான் எழுதினேன். ஏன் மேடம்?"

ஒன்றுமில்லை என்றேன். கவனமில்லாதவன் என்று மனதுக்குள் திட்டினேன். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

திசுவைப் பிசினில் ஊறவைக்கும்போது குப்பியைத் திறந்து வைப்போம், அசிட்டோன் ஆவியாக வேண்டும். குப்பியின் மேல் எழுதினால் அசிட்டோன் பட்டு அழிந்துவிடும். ஆகவே எண் மூடியில் மட்டும். மூடியை அந்தந்தக் குப்பியின் முன்னால் கழற்றி வைப்பது எங்கள் பழக்கம்.

இந்த இரண்டு குப்பிகளும் திறந்திருந்தது அக்டோபர் ஒன்று. ஆயுத பூஜை. நுண்ணோக்கிக்கு மாலை, பிசினை இறுகவைக்கும் அடுப்புக்குச் சந்தனப் பொட்டு, எல்லார் கையிலும் குங்குமம். கற்பூரம் ஏற்றப் போகிறார்கள் என்றதும் எரிச்சலோடு எழுந்தேன். திறந்த குப்பிகளில் தூள் விழுந்தால் யார் பொறுப்பு என்று வேணுவைக் கேட்டேன். இரண்டையும் மூடி என் அறைக்கு எடுத்துப் போனது—

நான்.

எந்த மூடியை எதற்குப் போட்டேன்? நினைவில்லை. சரியாகத்தான் போட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. இருபத்திரண்டு வருடமாக எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அக்டோபர் 20, தீபாவளி

சித்தூர், தங்கை வீடு. "இன்னா அக்கா, யார்னா செத்துட்டாங்களா? மூஞ்சி ஏன் அப்படி கீது?" என்றாள் ரோஹிணி. கரண்ட் இல்லாமல் வேலை கெட்டுவிட்டது என்றேன்.

அந்தப் பெண் இன்றும் மாத்திரை விழுங்கியிருப்பாள். வெள்ளிக்கிழமையே ஸ்ரீஹரிக்கு ஒரு போன் செய்திருக்கலாம். உறுதியாகாமல் வாய் திறக்காதது என் பழக்கம். பழக்கமா, பயமா? தெரியலையே. நிஜமாவே தெரியல.

அக்டோபர் 21

காலை முதல் பஸ்ஸில் திருப்பதி திரும்பி, நேரே லேபுக்கு. இரண்டு பிசின் கட்டைகளிலிருந்தும் புதிதாக வெட்டினேன். 'செம்மறி' என்ற கட்டையில் மனிதச் சிவப்பணுக்கள், பிரிந்து பின்னிய சவ்வு. 'அக்ஷயா' என்ற கட்டையில் ஆரோக்கியமான ஓர் ஆடு.

ஸ்ரீஹரிக்குப் போன் செய்தேன். "அவுனா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். அவுனு, ஆமாம் என்றேன். "மருந்தை இன்னைக்கே நிறுத்தறேன். எதனால மாறிச்சுன்னு எழுதிக் குடுங்க."

வேணு பக்கத்தில் நின்றிருந்தான். "என் பேரைப் போட்டுக்கோங்க மேடம். எப்படியும் எல்லாரும் என்னைத்தான் நெனைப்பாங்க. நாலு நாள் திட்டுவாங்க, அவ்ளோதானே." கேலி செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. மூடியைப் போட்டது நான் என்று அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்தே தெரியும்.

யாமினியிடம் சொன்னேன். அழவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 22

என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. நாலு தடவை எழுதினேன்.

அக்டோபர் 27

ஸ்ரீஹரி தன் அறைக்கு வரச் சொன்னார். அக்ஷயாவும் அவள் அம்மா தாட்சாயணியும் இருந்தார்கள். மருந்தில் பெண்ணின் முகம் வீங்கிப்போயிருந்தது. தவறு என்னுடையது என்று சொன்னேன்.

"அப்போ மொதல்ல குடுத்த ரிப்போர்ட்டு யாருது மேடம்?"

"ஓர் ஆட்டுடையது."

"ஆடு நல்லா இருந்திச்சா?"

"நன்றாக இருந்தது."

"அதுக்கு இருக்கறது எம்பொண்ணுக்கு இல்லாம பூட்ச்சி பாரு."

கோபமா என்று தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிது.

சொந்தத்தில் கல்யாணமா என்று ஸ்ரீஹரி கேட்டார். "தாய்மாமனைத்தான் கட்டிக்கினேன் சார்." இந்த நோயில் காதும் மந்தமாகும், பெண்ணுக்குக் காது எப்படி என்றார். "எங்க ஊட்ல யாருக்குத்தான் சார் கேக்குது? ஆறு தறி ஓடுது. எல்லாரும் கத்திக்கினேதான் பேசுவோம்."

அக்ஷயா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் வாயை. ஸ்ரீஹரி பேனாவைக் கீழே வைத்தார். காதுப் பரிசோதனைக்கு எழுதினார். சின்னவள் உதயாவையும் அழைத்து வரச் சொன்னார்.

நவம்பர் 3

உதயாவின் சிறுநீரில் ரத்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போதே மாத்திரை தொடங்கலாம், நல்ல காலத்திலேயே பிடித்தோம் என்கிறார் ஸ்ரீஹரி. இதற்கு நான் சந்தோஷப்படுவதா?

நவம்பர் 24

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்ஷயா எதிரே வந்தாள். முகம் வடிந்துவிட்டது. நோய் போகாது, மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். நான் அப்படிப் பேசுகிறவள் அல்ல. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தலைமுடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னாலிருந்த மெஷினைக் காட்டினாள்.

"மெதுவா பேசுங்க மேடம். கேக்குது."