ரவீந்திரன் என்று கூப்பிட்டால்

செப்ரெம்பர் 18, வியாழன்

தூறல். குடையை நான் வேலை செய்யும் ஸ்கூல் கிச்சினில் மறந்துவிட்டு, நனைந்துகொண்டே கொலிஜுக்குப் போனேன். முதல் வகுப்பு. கதவில் இன்டர்மீடியட் அல்ஜிப்ரா என்று ஒட்டியிருந்தது. 

அவர் வரமாட்டார் என்று நினைத்துத்தான் போனேன். யன்னலோரம் இருக்கிறார். நீலச் சுவெற்றர், போன கிறிஸ்மசுக்கு நான் வாங்கியது. என்னைக் கண்டதும் அவருக்கும் முகம் மாறியது. நான் வரமாட்டேன் என்று அவரும் நினைத்திருக்கிறார்.

இந்த வகுப்பில் சேரும் யோசனை என்னுடையது. எனக்கு டீச்சிங் அசிஸ்டன்ற் வேலைக்குக் கணக்குச் சேர்டிபிக்கற் தேவை, அவருக்கு எயார்போட்டில் சுப்பர்வைசராக. கிழமையில் ஒரு பின்னேரமாவது இரண்டு பேரும் ஓரிடத்தில் இருப்போம் என்று மே மாதம் பதிந்தோம். ஓகஸ்ட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹவுன்ஸ்லோவில் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வேறு ஒருத்தியும் இல்லை. இருந்தால் அவளைத் திட்டியாவது ஆறியிருப்பேன். "உம்மோட கதைக்க என்னட்ட ஒண்டும் இல்லை, வசந்தி" என்றார். அவ்வளவுதான். கலியாணம் கட்டின நாள் முதல் அவர் இரவு ஷிப்ட், நான் பகல். மகள் யூனிவர்சிற்றிக்குப் போனபிறகுதான் தெரிந்தது, வீட்டில் மிச்சம் இருப்பது முன்பின் பழகாத இரண்டு பேர்.

இவர் என்று எழுதவா, அவர் என்று எழுதவா. ர. என்று எழுதுகிறேன்.

மிஸ் பெயர் கூப்பிட்டார். "ரவீந்திரன்?" ர. தலை நிமிர்ந்து யெஸ் என்றார். நானும் யெஸ். எல்லாரும் சிரித்தார்கள். என் பாஸ்போட்டில் கடைசிப் பெயர் அவருடைய பெயர். அவருடையதில் அவரின் அப்பா பெயர், கந்தையா. மிஸ் கூப்பிட்டது கடைசிப் பெயரை, அதாவது என்னை. இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டார். நான் வாய் திறக்கமுதல் ர. சொல்லிவிட்டார்: "நோ மிஸ். இட்ஸ் எ கொமன் நேம்."

கொமன் நேம். என்னவொரு மனுசன்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

வெயில். சேர்ச்சில் தமிழ்ப் பூசை. முடிந்ததும் மேரி அக்கா பிடித்துக்கொண்டார். ர. சைவ சமயம் என்றாலும் என்னோடு வந்து கடைசி வாங்கில் இருப்பார், அதனால் இல்லாதது எல்லாருக்கும் தெரிகிறது. "தம்பியைக் கண்டு கனநாள்." நைட் ஷிப்ட் என்றேன். பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டே பொய்.

கொலிஜில் நாங்கள் கலியாணம் கட்டியவர்கள் என்று தெரியாது. கோயிலில் பிரிந்தவர்கள் என்று தெரியாது. எனக்கே எது உண்மை என்று சில நேரம் தெரியவில்லை.

வாங்க: பால், மல்லித்தூள், பல்ப் (குசினி), வரைதாள் கொப்பி.

செப்ரெம்பர் 25, வியாழன்

இனிச் சோடி சோடியாக வேலை செய்யவேண்டுமாம். ஒரே பாஷைக்காரர் என்று மிஸ் என்னை ர.வின் யன்னலோர மேசையில் போட்டார். மாட்டேன் என்று இரண்டு பேராலும் சொல்லமுடியவில்லை. சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டும்.

முழங்கை முட்டாமல் இருந்தோம். அதே ஆஃப்ரர்ஷேவ் வாசம். ஒரு கணக்கும் ஓடவில்லை.

ஒக்ரோபர் 9, வியாழன்

காற்று. பஸ்ஸில் ஒரு பெண் போனில்: "நான் அவனிட்டச் சொல்லிப்போட்டன், சாவியைத் தந்திட்டுப் போ எண்டு." ர. இன்னும் எங்கள் வீட்டுச் சாவியைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை.

இன்று காரணிப்படுத்தல். மிஸ் இங்கிலிஷில் சொன்னபோது ஒன்றும் ஏறவில்லை. ர. தன்பாட்டுக்கு, "அட்சரகணிதம், ஒன்பதாம் வகுப்பில படிச்சதுதானே" என்றார். அல்ஜிப்ராவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம். பிறகு தமிழிலேயே செய்தோம். பெருக்கினால் மைனஸ் பன்னிரண்டு, கூட்டினால் மைனஸ் ஒன்று. மூன்றும் நாலும் என்றார். எது மைனஸ் என்று கேட்டேன். "பெரியது." சரி. ஆனால் எழுதும்போது மைனசை விட்டுவிட்டார். எப்போதும் அப்படித்தான், சமையலுக்கு உப்பு வாங்கப் போனால் உப்பைத் தவிர எல்லாம் வரும். நான் பென்சிலால் போட்டுவிட்டேன். "தாங்க்ஸ்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இவ்வளவு நேரம் ஒரு மேசையில் இருந்து கதைத்தது எப்போது? எனக்கு ஞாபகம் இல்லை.

ஒக்ரோபர் 16, வியாழன்

மீன் ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். வகுப்புக்கு என்று சொல்லித்தான். ர. இரண்டு சாப்பிட்டார். மற்றவர்கள் எடுத்தார்களோ தெரியாது.

இப்போது ரவீந்திரன் என்று கூப்பிட்டால் ர. பேசாமல் தலையை மட்டும் நிமிர்த்துவார். நிமிர்ந்தபிறகுதான் நான் யெஸ் சொல்கிறேன். அந்த ஒரு கணம் எனக்கு வேண்டும்.

மகள் டிலானி போன் எடுத்தாள். ரோல்ஸ் கதையைச் சொன்னேன். அப்பா எத்தனை சாப்பிட்டார் என்று கேட்டாள். பிறகு, "அம்மா, டோன்ட் ஹோப்." வேறு வகுப்புக்கு மாறச் சொன்னாள். நான் பரீட்சை, சேர்டிபிக்கற் என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

ஐந்து மணிக்கே இருட்டு. கணக்கைவிட இதைத்தான் யோசிக்கிறேன்: ஹவுன்ஸ்லோவில் இருந்து இங்கே வர இரண்டு ரெயின், ஒரு பஸ். அந்தப் பக்கம் கொலிஜ் இல்லையா? இருந்தும் ஒரு வியாழன் விடவில்லை. மழையிலும் வந்தார். ரெயின் ஸ்ரைக் நாளிலும் வந்தார்.

டிலானி சொல்வதை விடு. ஒரு மனுசன் ஒன்றுமில்லாமல் இவ்வளவு தூரம் வருவானா?

நவம்பர் 13, வியாழன்

வரைபடம் கீறினோம். ர. சிரித்தார். நான் வளைவைக் கீறக் கீற அது தாளைத் தாண்டி மேசைக்குப் போகப் பார்த்தது. "தாள் காணாது உமக்கு" என்றார். நானும் சிரித்தேன். மிஸ் வந்து, வகுப்பிலேயே நல்ல சோடி நீங்கள் இரண்டு பேரும்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றினேன். விசரி, சரியான பைத்தியம்.

நவம்பர் 27, வியாழன்

இடைவேளையில் ர.: "அடுத்த கிழமை வகுப்பு முடிய நில்லும். ஒண்டு கதைக்கவேணும்."

இனி ஒரு கிழமை எப்படிப் போகும். கதைக்க ஒன்றும் இல்லை என்றவர்.

ஞாயிறு: மெழுகுதிரி கொளுத்த. அறையைத் துப்புரவாக்க. நோர்பரிக் கடையில் முருங்கைக்காய், நெத்தலி. தலைக்குச் சாயம்.

டிசெம்பர் 4, வியாழன்

கடும் குளிர். மெரூன் கார்டிகன் போட்டேன். வகுப்பில் என்ன படிப்பித்தது என்று கேட்டால் தெரியாது.

பஸ் தரிப்பில் நின்றோம். அவர் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். எனக்கு அந்தப் பழக்கம் தெரியும். அப்போதே விளங்கியிருக்கவேண்டும்.

"இந்த ரேர்ம் படிப்பு முடிய நான் இஞ்ச வாறதில்லை. ஹவுன்ஸ்லோப் பக்கம் மாத்தித் தரச்சொல்லி செப்ரெம்பரிலயே கேட்டனான். ஜனவரியிலதான் இடம் வந்தது."

செப்ரெம்பரிலேயே. அந்த முதல் நாளே கேட்டிருக்கிறார். மழையிலும் ஸ்ரைக்கிலும் வந்தது பாடம் விடக்கூடாதென்று.

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் கதைச்சது?"

என்னைப் பாவமாகப் பார்த்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அது கணக்குத்தானே, வசந்தி."

பிறகு லோயரிடமிருந்து கடிதம் வரும், பயப்படவேண்டாம் என்றார். வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது, பொக்கற்றுக்குள் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். என் பஸ் வந்தது. ஏறி மேல்தட்டில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெடிச்சி கண் துடைக்க ரிஷுத் தாள் தந்தாள்.

முருங்கைக்காய்க் கறி அப்படியே சட்டியில்.

டிசெம்பர் 11, வியாழன்

போகவில்லை. தலையிடி என்று ஈமெயில்.

டிசெம்பர் 25, வியாழன்

வெள்ளைக் கிறிஸ்மஸ் என்றார்கள், வெறும் சேறு. டிலானி வந்திருக்கிறாள். பூசைக்குப் பிறகு மேரி அக்கா வாய் திறக்கமுதல் நானே சொன்னேன், "அவர் வீட்டைவிட்டுப் போயிட்டார் அக்கா." எங்கே என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்தபடி, கேக் கொடுக்கும் வரிசையில் என்னையும் தன்னோடு நிறுத்தினார்.

நெஞ்சு நோகிறது. உண்மையாகவே நோகிறது, இடப்பக்கம். டிலானிக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 8, வியாழன்

பனிப்பூச்சு. ஃபுட்பாத் வழுக்கியது. போகவேண்டாம் என்று உடுப்பு மாற்றினேன், பிறகு திரும்பவும் மாற்றிக்கொண்டு போனேன். சேர்டிபிக்கற் எனக்கும் வேண்டும்தானே.

யன்னலோரம் கதிரை வெறுமை. எங்கள் மேசையில் தனியே இருந்தேன். மிஸ் புது லிஸ்ற் கொண்டுவந்து வாசித்தார். கந்தையா என்ற பெயர் வரவேயில்லை, அடுத்ததுக்குப் போய்விட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை.

"ரவீந்திரன்?"

பழக்கதோஷம், யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு தலையும் நிமிரவில்லை.

"ரவீந்திரன்? வரவில்லையா?" அப்சென்ற் போட மிஸ் பேனையை எடுத்துவிட்டார்.

யெஸ் மிஸ், நான்தான் என்றேன்.