சுமார்னியின் மழைக்கதை

சோலோ,
மார்ச் 9

என் செல்ல மகள் லாஸ்மாவுக்கு அம்மா எழுதுவது. நம் ஊர் வணக்கமாக ஒரு ஹோராஸ்! இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வந்தால் முனகுகிறது. அந்தப் புசான் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதி. அம்மா ஜெயித்துவிட்டேன்! தையல் ஆலையில் மேற்பார்வை வேலை எனக்கே நிரந்தரமாகிவிட்டது. ஜனவரியில் இரண்டு சரக்கு திரும்பி வந்தபோது மேலாளர் விர்யோனோ, இன்னொன்று வந்தால் பழையபடி மெஷினில் உட்கார வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஊரில் சிரித்துக்கொண்டு சொன்னால்தான் பயப்பட வேண்டும். நம் படாக் இனத்து ஆட்களுக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும், குழம்பில்கூட வெல்லம் போடுகிற இந்தச் சோலோக்காரர்களோ ஒரு தப்பைச் சொல்ல ஊரையே சுற்றி வருவார்கள். நான் பாதியிலேயே "விஷயத்துக்கு வா" என்று வெட்டிவிடுவேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், விஷயமும் அவர்களோடு போய்விடும். அந்த இரண்டு சரக்கின் குறையும் யாரோ சொல்ல வந்து அப்படிப் போனதுதான் என்று எனக்கு உறைக்கவே இத்தனை நாளாயிற்று.

இரண்டு வாரத்துக்கு முன் காலர் தைக்கிற சுமார்னி என் மேசையருகே வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாலாயிரம் வெள்ளைச் சட்டை மறுநாள் லாரி ஏற வேண்டும், எனக்குத் தலைக்கு மேல் வேலை. அவளோ, "எங்க தெருவுல ஒரே மழைங்கக்கா, துணியே காயல" என்று ஆரம்பித்தாள். இன்னொரு சரக்கு திரும்பிவிடக் கூடாதே என்று, வாய்வரை வந்த பேச்சை விழுங்கிக்கொண்டு, உட்கார் என்றேன். மழை முடிந்து, பூனை குட்டி போட்டது முடிந்து, தேநீரும் ஆறிய பிறகு, "எங்க அக்கா மவ வெள்ளைச் சட்டையப் பச்சைத் துண்டோட ஊறவச்சிட்டா, பாவம், சட்டையெல்லாம் பச்சை" என்றாள். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள். எங்கள் காலரில் ஓடுகிற பச்சை நாடாவைத் தேர்ந்தெடுத்தது நான்தானே! அதை என்னிடம் நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஓடிப்போய் ஒரு சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். தண்ணீர் பச்சைப் பசேல்.

லாரியை நிறுத்தினேன், தப்பு என்னுடையது என்று விர்யோனோவிடம் நானே சொன்னேன். மூன்று நாள் எல்லாரும் சேர்ந்து நாடாவைப் பிரித்து மாற்றினோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் துவைத்துப் பார்த்தும் ஒரு சட்டைகூடத் திரும்பவில்லை. நேற்று வேலை நிரந்தரம் என்கிற ஆணை கைக்கு வந்தது. "நீங்க கத்தறத விட்டப்புறம்தான்க்கா மெஷின் சத்தமே கேக்குது" என்று பெண்கள் கேலி செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் புசானில் பெய்கிற பனியைப் பற்றியே எழுதியிருக்கிறாய். முன்பானால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று மடித்து வைத்திருப்பேன். இந்த முறை மூன்று தடவை படித்தேன். என் வயிற்றில் பிறந்தவள் சும்மா இரண்டு பக்கம் பனியை எழுத மாட்டாள். அதற்கப்புறம் சொல்ல வந்தது என்ன, லாஸ்மா? மெதுவாகவே எழுது. அம்மா குறுக்கே பேச மாட்டேன்.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருப்பார். கம்பளிக் காலுறையை மறக்காதே.

உன் அம்மா,
தியுர்மா