நொச்சி ஆவியும் உன் கொண்டையும்

இன்று காலை எதிர்வீட்டில் யாருக்கோ சளி. நொச்சி இலை கொதிக்கும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து என் சமையலறை முழுக்க நின்றுவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது. நீ இருந்திருந்தால், "நல்ல சகுனம் மிஸ், யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டிருப்பாய்.

உனக்கு அந்த வாசனை மறந்திருக்காது. அந்த வருடத் தவக்காலம் முழுக்க நீ அதில்தானே வெந்தாய்.

உன் வலது தோள் இறுகிப்போனதை நம் பள்ளியில் முதலில் கண்டுபிடித்தவள் நான். கணக்கு டீச்சரான நீ கரும்பலகையின் மேல்பாதியைத் தொடாமல், அடியிலேயே நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு நாள் தலையை விரித்துப்போட்டபடி ஓய்வறைக்குள் வந்து, சீப்பை என் மேசையில் வைத்தாய். "கை மேல போக மாட்டேங்குது மிஸ். கொண்டை மட்டும் போட்டு வுடு. யார்கிட்டயும் சொல்லாத." அன்றிலிருந்து தினமும் முதல் மணி அடிப்பதற்குள் உன் தலை என் கையில். வாய் மட்டும் உன்னிடமே இருந்தது. "உங்க ஆரணியில மாட்டுக்கு இப்படித்தான் கயிறு கட்டுவாங்களா?" என்பாய். நான் இன்னும் கொஞ்சம் இறுக்குவேன்.

கோயம்புத்தூரில் இருந்த உன் தம்பிக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. பிரேசர் டவுனில் தன்னந்தனியாக இருக்கும் அக்கா, இப்போது ஒரு கை வேறு விளங்கவில்லை. "ஈஸ்டருக்கு வர்றேன். அதுக்குள்ள சரியாகலன்னா வீட்டக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துரு" என்று போனில் சொல்லிவிட்டார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் நீ பிறந்து வளர்ந்த தெருவை விட்டு எங்கே போவாய்? நீ முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாய். என் பாடு அதைவிட மோசம். நீ போய்விட்டால் இந்த ஊரில் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், யாரிடம் சண்டை போடுவேன்?

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும், மாத்திரை சாப்பிட்டும் வலி விடாமல்தான் அந்த ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என்னை நிற்க வைத்துச் செய்து காட்டினார். தோளில் வெதுவெதுப்பான எண்ணெயைத் தேய்க்க வேண்டும். நொச்சியும் ஆமணக்கும் போட்ட குக்கர் கொதித்ததும், வெயிட் போடும் மூக்கில் செருகிய குழாய் வழியே வரும் ஆவியைத் தோளில் காட்ட வேண்டும். சூட்டை முதலில் என் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும், குழாயை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. "ஸ்டீம் லூஸ் பண்ணும், அஷ்டே, அவ்ளோதான். கை நீங்கதான் தூக்கணும்" என்று உன்னைப் பார்த்து அவர் கன்னடத் தமிழில் சொன்னார்.

உன் வீட்டில் முதல் நாள் நாம் செய்த கூத்து இருக்கிறதே! குழாயைச் செருகி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஹெட்மிஸ்ட்ரஸை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தோம். நீ தோளில் எண்ணெய் வழிய, பழைய துண்டைப் போர்த்தியிருந்தாய். "விசில் வரட்டும்" என்றாய். "மூணு வுடலாமா, நாலு வுடலாமா?" என்று நான் கேட்டேன். வெயிட்டே போடாத குக்கர் எப்படி விசிலடிக்கும் என்று, இத்தனை வருடம் சமைத்த இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஆவி மொத்தமும் சுவரிலிருந்த காலண்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. தாள் நெளிந்து தொங்கியது. "காலண்டருக்கு மூட்டு வலியே போயிருக்கும்" என்றாய். சிரித்துச் சிரித்து உனக்குத் தோள் வலித்தது, எனக்கு வயிறு வலித்தது.

மறுபடி தண்ணீர் ஊற்றி ஆரம்பித்தபோது மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். "என்னா டீச்சர், மட்டன் சூப்பா? வாசனை மேல வரைக்கும் வருது."

"தவக்காலத்துல ஏதும்மா மட்டன்? நான்தான் வேகுறேன்."

மறுநாளிலிருந்து அந்த அம்மா தன் முட்டியோடு வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரைக் கேட்காமல் காட்ட மாட்டேன் என்று நான் விரட்டினேன். அடுத்த வாரமே கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

ஆவி காட்டி முடித்ததும் நீ சமையலறைச் சுவரில் விரல்களை ஏறவிட வேண்டும். எட்டிய இடத்தில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போடுவாய். கணக்கு டீச்சர் அல்லவா, கையால் கோடு போட்டால் உனக்குத் தூக்கம் வராது. வலி தாங்காதபோது உனக்குக் கன்னடம் வந்துவிடும். "சாக்கும்மா, சாக்கு!" என்று கத்துவாய். போதும் என்று சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு நாள் கோடு முந்தின நாளைவிடக் கீழே விழுந்தது. பென்சிலை வீசிவிட்டு, "போறேன் மிஸ். கோயம்புத்தூருக்கே போய்த் தொலையிறேன்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாய். எனக்கும் அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு அலமாரிக்கு அடியிலிருந்து பென்சிலைத் தேடி எடுத்தேன். "போ. போறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் ஏறிட்டுப் போ."

ஈஸ்டர் அன்று உன் தம்பி கூடத்தில் உட்கார்ந்து அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சமையலறை மேல்தட்டிலிருந்த பெரிய பிரியாணி டேக்சாவை இரண்டு கையாலும் இறக்கி, அவர் முன்னால் வைத்து, "சும்மா உக்காந்துருக்காத, இத கழுவி எடுத்துட்டு வா" என்றாய். அவர் எழுந்து போய்க் கழுவினார். நான் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் என் கண்ணில் வழிந்ததை யாரும் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து விடைத்தாள் திருத்த வந்தபோது நீயே கொண்டை போட்டிருந்தாய். கோணல்தான், ஆனாலும் ஓய்வறையே கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் கைக்கு வேலையில்லாமல் போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிவப்புப் பேனாவைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தலையை விரித்துப்போட்டபடி வந்து என் மேசையில் சீப்பை வைத்தாய். "கை வலிக்குது மிஸ். போட்டு வுடு."

உனக்குப் பின்னால் ஓய்வறைக் கரும்பலகையின் உச்சியில் அன்றைய தேதி இருந்தது, உன் கையெழுத்தில். சுண்ணக்கட்டித் தூள்கூட உன் விரலில் இருந்தது. நான் சீப்பை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருடம்! பள்ளி இருந்த ஒவ்வொரு காலையும் உனக்குக் கை வலித்தது. போன வருடம் உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் முன், தலை யார் வாருவது என்று உன் தம்பி கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வழக்கம்போல இறுக்கித்தான் போட்டேன். இந்த ஊரில் எனக்காக ஒருத்தி தினமும் காலையில் முகம் மாறாமல் பொய் சொன்னாள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.