மிக்ஸிக்கு அடியில் இருந்த துண்டு

வாகட், புனே
சனிக்கிழமை இரவு

அன்புள்ள இஸ்மாயில் மாமாவுக்கு,

ப்ரீதி எழுதுவது. கோந்த்வாவில் நீங்களும் மாமியும் ஷபானாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தையும் முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொறுக்க முடியவில்லை. மாமா, ஏசி ஓடுகிறது! வாடகைக்கு விட அப்பா வாங்கிய கேரவன் கூரையில் நீங்கள் மாட்டிய அதே ஏசி! இன்று மத்தியானம் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. கடைசியில் நான் அப்பாவின் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உங்கள் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது.

இதைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா ஒருமுறை கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா, ஓமத்தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் ஷபானாவிடம் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் ஏசி மாட்டிய மறுநாள் எனக்கு மராத்திப் பரீட்சைத் தாள் கிடைத்தது. நாற்பதுக்கு ஒன்பது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷம் ஹிஞ்சேவாடியில் கம்பெனி வண்டி ஓட்டியதெல்லாம் நீ படிக்கத்தான் என்று தினமும் சொல்கிற அப்பாவிடம் அந்த ஒன்பதை எப்படிக் காட்டுவது? வீட்டில் எங்கே ஒளித்தாலும் அம்மா கூட்டும்போது அகப்பட்டுவிடும். அதனால் கேரவனுக்குள் போய், கூரையில் ஏசியின் உள்பக்க மூடியைக் கழற்றினேன். நான்கே திருகுதான். உள்ளே நடுவில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய தெர்மாகோல் துண்டு ஒன்று குறுக்கே நின்றது. புது டிவி பெட்டிக்குள் வருமே, அந்த மாதிரி பேக்கிங் என்று நினைத்தேன். நீங்கள் எடுக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து அதை உருவிவிட்டு, அந்த இடத்தில் தாளை மடித்துச் செருகி, மூடியை மறுபடி மாட்டிவிட்டேன்.

தெர்மாகோலை அம்மா குப்பையில் போட விடவில்லை. மிக்ஸிக்கு அடியில் வைத்தார். சத்தமே கேட்கவில்லை பார் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் வாடகைக்குப் போன பக்தவத்சலம் சார் குடும்பம் மகாபலேஷ்வர் வரை போகவில்லை. ஏசி ஐந்து நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஐந்து நிமிடம் ஓடுகிறது என்று பாதி வழியில், வாய் என்ற ஊரிலிருந்தே திரும்பிவிட்டார்கள். இட்லிப் பானைக்குள் உட்கார வச்சு கூட்டிட்டுப் போனீங்களா என்று அந்த சார் அப்பாவைக் கேட்டபோது நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கோபத்தைத்தான் வியாழக்கிழமை உங்கள் மேல் காட்டினார். கரண்ட் சரியாக வருகிறது, கேஸும் இருக்கிறது, இனி உள்பக்கம் கழற்றிப் பார்க்கிறேன் என்று நீங்கள் கூரையிலிருந்து இறங்கினீர்கள். அப்போதுதான் அப்பா, நீ வீட்டு ஏசி பாக்கவன், வண்டி ஏசி தெரியாதுன்னு முதல்லயே சொல்லிருக்கலாம்லா என்று கேட்டார். நீங்கள் கருவிப் பையைக்கூட எடுக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், பேச வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது.

இன்று காலை மனோஜ் என்று ஒரு மெக்கானிக் வந்தார். வெளியே தட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்ரசர் கயா, போய்விட்டது, பூராவையும் இறக்கிவிட்டு வேறு மாட்ட வேண்டும், நாளை பத்து மணிக்கு வருகிறேன் என்று போனார். மாட்டினவனுக்கு வேலை தெரியாது என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் கட்கி சர்ச்சுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். நான் தலைவலி என்று தங்கிவிட்டேன். ஏசியோடு வந்த புத்தகம் டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்தது. கடைசிப் பக்கத்தில், சீக்கிரம் சீக்கிரம் நின்றால் என்ன செய்வது என்று போட்டிருந்தது. குளிர்ந்த காற்று அறைக்குள் வராமல் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிப் போனால், வண்டி குளிர்ந்துவிட்டது என்று ஏசி ஏமாந்து நின்றுவிடுமாம். இரண்டுக்கும் நடுவில் தடுப்புத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, துண்டின் படமும் போட்டிருந்தார்கள். ஒரு மூலை வெட்டின துண்டு. மாமா, அந்த மூலையை நான் தினமும் பார்க்கிறேன்! அதன் மேல்தான் சட்னி அரைபடுகிறது!

ஓடிப்போய் மிக்ஸியைத் தூக்கித் துண்டை எடுத்தேன். மஞ்சளும் தேங்காயும் ஒட்டியிருந்ததைத் துடைத்தேன். மூடியைத் திறந்து, தாளை வெளியே எடுத்துவிட்டு, ஏசியைப் போட்டு, கொசுவர்த்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தேன். புகை சோம்பேறி மாதிரி ஒரு பக்கம் வந்து அப்படியே மறுபக்கத்துக்குள் திரும்பிப் போனது. புத்தகம் சொன்னது கண்முன்னே நடந்தது! ஏசியை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு (பயப்படாதீர்கள், பிடுங்கினேன்), துண்டை நிறுத்தி, உங்கள் பையிலிருந்த வெள்ளி டேப்பால் சுற்றி ஒட்டினேன். மறுபடி போட்டபோது புகை நேராக வண்டியின் பின்பக்கக் கட்டில் வரை ஓடியது. ஐந்து நிமிடம் ஆனது. நிற்கவில்லை. பத்து. நிற்கவில்லை. நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

இரவு அம்மா மிக்ஸி போட்டதும் வீடே அதிர்ந்தது. துண்டு எங்கே என்று தேடினார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

உங்களை நாளைக் காலை வரவழைத்து, நீங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். என் பெயர் வராமல் தப்பிக்க. ஆனால் எழுத எழுத அது முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்பா சொன்ன சொல்லை அப்பாதான் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு நடந்தது அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் முதலில் அப்பா வாசிக்கட்டும் என்று உறையை ஒட்டவில்லை. உங்கள் கருவிப் பையின் மேல் வைக்கப்போகிறேன். நேற்று மழையில் அப்பாதான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஸ்பேனராகத் துடைத்துத் தன் தலைமாட்டில் வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். மராத்தித் தாளையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். ஏசித் தண்ணீரில் ஊறிய ஒன்பது கொஞ்சம் பரவிவிட்டது, ஆனாலும் ஒன்பதுதான்.

பயமாக இருக்கிறது, மாமா. அடி விழுமோ என்றுகூட இல்லை. அப்பா வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவாரோ என்றுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை அப்பா பையோடும் இந்தக் கடிதத்தோடும் உங்கள் வாசலில் வந்து நிற்பார். நடந்ததைப் பேசத் தெரியாமல், ரோட்டில் ரொம்ப டிராஃபிக் என்று ஏதாவது சொல்வார். அவரை அப்படியே நிற்க வைத்துவிடாதீர்கள். எப்போதும் கூப்பிடுவீர்களே, வாலே ஜெபா என்று. அப்படி ஒரு தடவை கூப்பிடுங்கள், போதும்.

உங்கள் எல்லோருக்காகவும் ஜெபிக்கும்,
ஜெபகுமார் மகள் ப்ரீதி