குணமானவர் மறைத்த வலி

என்றைக்கும் எனக்கு ‘ஏனுங்க’வாகவே இருக்கிற உங்களுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கல்லறைச் சிலுவையில் ‘சூசை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் யாரோ அயலார் பேர் மாதிரி இருக்கிறது. அதனால் பழையபடியே கூப்பிடுகிறேன். ஏனுங்க, கேட்குதுங்களா?

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. எஸ்டேட்டில் மிளகு பறிக்க வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நேற்று நாகலூர் பஸ்ஸில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “புதுமை நடந்தவரு ஊட்டுக்காரி நீங்கதானுங்களே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்தக் கடிதத்தை நம் கோயிலில் அச்சடித்துக் கொடுக்கிற பங்கு மடலில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஈரலில் கட்டி என்று சேலத்தில் சொன்னார்கள். இனி வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் நம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குதிரைச் சாமியார் கல்லறைக்குப் போய் ஒன்பது நாள் நவநாள் செபம் சொன்னேன். அந்தக் காலத்தில் நம் மலையில் கிளியூருக்கும் தலைச்சோலைக்கும் குதிரையில் போய்ப் பூசை வைத்தவர், காய்ச்சலில் கிடந்த கூலிக்காரர்களைத் தன் கையாலேயே கழுவித் துடைத்தவர். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கட்டியைக் காணோம். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாமியாருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுக்க, அவரை வேண்டி நடந்த அற்புதம், ஒரு புதுமை, வேண்டுமாம். அந்தப் புதுமை நீங்கள்தான் என்று மறைமாவட்டத்தில் முடிவு செய்தார்கள். விசாரிக்க வந்த ஃபாதர் நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். “குணமானா மட்டும் போதாதுங்க, அது நிலைக்கணும். திரும்ப வந்துட்டா ரோமையில ஏத்துக்க மாட்டாங்க.”

நீங்கள் தலையாட்டினீர்கள். அதை எவ்வளவு ஆழமாக மனசில் போட்டுக்கொண்டீர்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பிறகு திருவிழா மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து, தலையில் கை வையுங்கள் என்றார்கள். நீங்கள் கூச்சத்தில் நெளிவீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

போன மழைக்காலத்தில் வலது விலாவை அழுத்திக்கொண்டு படியேறினீர்கள். வறுத்தது பொரித்தது வேண்டாம் என்றீர்கள். கேட்டதற்கு, “கேஸு புள்ள, ஓமத்தண்ணி வெச்சுக் குடு” என்றீர்கள். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் முகத்திலேயே காட்டிக்கொடுக்கிற ஆளுக்கு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது?

உங்களை மட்டும் சொல்லி என்ன? ஓமத்தண்ணி வைத்துக்கொடுத்தது நான்தானே. இரண்டாம் தடவை நான் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். புதுமை நடந்தவர் வீட்டுக்காரி என்ற பேர் எனக்கும் பிடித்துப்போயிருந்தது.

கண்ணெல்லாம் மஞ்சளாகி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் மலை இறங்கும்போதுதான் வாயைத் திறந்தீர்கள். “அதே இடந்தான் புள்ள. நாலு மாசமா நொம்ப வலி. கட்டி திரும்ப வந்திருச்சு. ஃபாதர்கிட்டச் சொல்லிராத. சாமியாரு காரியம் என்னால நின்னு போயிரக் கூடாது.”

அன்று மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “ஈரல் சுத்தமா இருக்குதுங்கம்மா. பழைய கட்டி வரவே இல்லை. இது பித்தப்பைக் கல்லு. சீழ் வெச்சு ரத்தத்துல கலந்துருச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷன், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.”

ஓடி வந்தேன். அதற்குள் உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது. காதருகில் குனிந்து, “கட்டி வரலீங்க, கல்லுதானுங்க, கல்லுதானுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது உங்கள் காதில் விழுந்ததா? இதை நினைக்காமல் ஒரு நாள்கூட விடிவதில்லை.

ஃபாதர் வீட்டுக்கு வந்து அழுதார். “அன்னைக்கு நான் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கணும்மா. வலின்னா மறைக்காதீங்கன்னு சொல்லத் தோணாமப் போச்சே” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, கடைசி ஸ்கேனில் ஈரல் சுத்தமாக இருப்பதால் விசாரணை தொடரும், நான் சேலத்துக்கு வந்து சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நீங்கள் சாகக் கிடந்தபோது எடுத்த ஸ்கேன்தான் இப்போது அவர்கள் கையில் இருக்கிற நல்ல சாட்சி. நம் மகன் பவுல் கத்திவிட்டான். “கையெழுத்துப் போடாதீங்கம்மா. அவருக்குப் பட்டம் வந்தா அப்பா வந்துருவாருங்களா?”

குதிரைச் சாமியார் கல்லறைக்குப் போனேன். முழந்தாள் போடவில்லை, நின்றபடியே சண்டை போட்டேன். ஒரு தடவை தூக்கிவிட்டவர், மறுபடி வலிக்கிறது என்றால் கோபித்துக்கொள்வாரா? காய்ச்சல்காரனைக் கழுவித் துடைத்தவருக்கு உங்கள் உயிரைவிடப் பட்டமா பெரிது? இப்போது அவர் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சாட்சிக்குப் போகத்தான் போகிறேன். ஏழு வருஷம் உங்களை எனக்குத் திருப்பிக் கொடுத்தவருக்கு நான் நன்றி மறக்கக் கூடாது. குணமானாரா என்று கேட்டால், “ஆனாருங்க” என்பேன். எதுவரைக்கும் நன்றாக இருந்தார் என்று கேட்டால், “வலிக்குதுன்னு சொல்லப் பயப்படுற வரைக்கும் நல்லா இருந்தாருங்க” என்பேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டால்தான் கையெழுத்துப் போடுவேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
செசிலி